வாரம் 3 மணி நேரம்தான் மிஞ்சுகிறது: விசுவாசத்தைக் கிரியையில் காட்டுவது எப்படி?

கேள்வி: புதுக்கிளை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. "சரி, திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது?" என்று கேட்டால் மட்டும் பேச்சு மருத்துவ முகாம், அநாதை இல்லம் என்று பெரிதாகப் போய்விடுகிறது. வேலை, பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள் என்று பார்த்தது போக வாரத்தில் 3 மணி நேரம் மிஞ்சினாலே அதிகம். பணமும் அப்படித்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், துக்க வீட்டார் ஆகியோருக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? பணம் கேட்டு வந்தால் என்ன செய்வது? விசுவாசத்தைப் பற்றி எப்போது வாய் திறப்பது? வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் செய்முறையாகச் சொன்னால் நல்லது.

பதில் 1: விசாரிப்புக் குழு

முதலில் ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள் சகோ: "ஏதாவது வேண்டுமானால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்." நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரிடம் கேட்கலாம் என்று எடைபோடுவது, கூச்சத்தை விழுங்கிக் கேட்பது எல்லாம் நோயாளியின் தலையில் விழுகிறது. பெரும்பாலானோர் கேட்கவே மாட்டார்கள்.

வேலை, நாள், நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "செவ்வாய் சாயங்காலம் 6 மணிக்கு மருந்துக்கடைக்குப் போகிறேன். சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் வாங்கி வந்துவிடுகிறேன். இல்லையென்றால் சனிக்கிழமை 2 மணி நேரம் அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டுமா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது எளிது, இரண்டும் வேண்டாம் என்பதும் எளிது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அடுத்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பர்திமேயு கண் தெரியாதவன் என்பது அந்தக் கூட்டத்துக்கே தெரியும். இருந்தும் இயேசு "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்றுதான் கேட்டார் (மாற்கு 10:51).

நேரில் போவதானால் முன்கூட்டி அழைத்துக் கேட்டுவிட்டு, 15 அல்லது 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். தையல் ஆறாத உடம்புக்குத் தொற்றுதான் பெரிய ஆபத்து. உள்ளே நுழைந்ததும் கை கழுவுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள். இதே ஆபரேஷனில் வேறு யாருக்கோ நடந்தது, உங்களுக்குத் தெரிந்த கைவைத்தியம் இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

சாப்பாடு கொடுப்பதானால் உப்பு, சர்க்கரை, ஒவ்வாமை, மருத்துவர் தடுத்தவை எல்லாவற்றையும் கேட்டபிறகே சமையுங்கள். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். பாத்திரத்தைக் கழுவித் திருப்புவதும் அந்த வீட்டுக்கு ஒரு வேலைதான். முதல் சில நாள் ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள், பாதி வீணாகும். அதன்பிறகு வரவு நின்றுவிடும். ஆகவே உங்கள் முறையை இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைவிட, அவரைப் பார்த்துக்கொள்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவரை 2 மணி நேரம் தூங்கவோ வெளியே போகவோ விடுவது பெரிய உதவி. அவர் கிளம்புமுன் மருந்து நேரம், அவசரத்துக்கு யாரை அழைப்பது, நோயாளி எழுந்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழக்கமில்லாமல் ஆளைத் தூக்கப் போனால் இருவருமே விழ நேரிடும்.

பதில் 2: கடைசி பெஞ்சு

துக்க வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லப் போனபிறகுதான் எல்லாம் கெட்டது.

"கர்த்தருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குப் போய்விட்டார், அழக்கூடாது", "உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே" இவற்றில் ஒன்றும் வேண்டாம். விசுவாசத்தில் உண்மையானதும்கூடத் தவறான நேரத்தில் சொன்னால் புண்ணில் உப்பு. "என்ன சொல்வதென்று தெரியவில்லை, கூட இருக்கிறேன்" போதும். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். அந்தப் பெயரை எல்லோரும் தவிர்ப்பதுதான் வீட்டாருக்கு அதிகம் வலிக்கும்.

கைவேலை நிறைய இருக்கும். வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யார் என்ன கொடுத்தார்கள் என்று குறித்துவைக்க ஓர் ஆள். பிறகு காகித வேலை: இறப்புச் சான்றிதழ் பல பிரதி, வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம். எங்கே போனாலும் அசல் காகிதம் கேட்பார்கள், வரிசையில் நிற்க வைப்பார்கள். கூடப் போய் நிற்பதே ஊழியம். மூலப் பத்திரங்களை மட்டும் உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இறந்த தேதியை உங்கள் தொலைபேசி நாட்காட்டியில் போட்டு 1 மாதம், 3 மாதம், 1 வருடத்துக்கு நினைவூட்டல் வையுங்கள். முதல் கிறிஸ்துமஸ், இறந்தவரின் பிறந்தநாள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் யாரும் அழைக்க மாட்டார்கள்.

பதில் 3: காணிக்கைக் கணக்கு

பணம். கையில் எடுப்பதற்குமுன் இது கொடையா கடனா என்று உங்கள் மனதில் தீர்மானித்துவிடுங்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கடன் என்று நினைப்பீர்கள், அவர் உதவி என்று நினைப்பார். ஆறு மாதத்தில் அவர் உங்களைப் பார்த்தால் வேறு வழியாகப் போவார், பிறகு ஆராதனைக்கே வரமாட்டார். திரும்பி வராவிட்டாலும் தாங்கும் என்ற தொகையை மட்டும் கொடுங்கள், கூடுமானவரை "இது திருப்ப வேண்டாம்" என்று சொல்லியே கொடுங்கள். கடன்தான் என்றால் தொகை, தேதி, எப்படித் திருப்புவது என்று இரண்டு வரி எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிணைக் கையெழுத்து கேட்டால் நீதிமொழிகள் 6:1–5 படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேட்பவரிடம் மூன்று விவரம் போதும்: மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், மீதிக்கு என்ன வழி. அதற்குமேல் குடும்பக் கதையைத் தோண்டாதீர்கள். உபாகமம் 24:10–13 எனக்குப் பிடித்த பகுதி. கடன் கொடுத்தவன் அடகை வாங்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், வாங்கியவன்தான் அதைக் கொண்டுவந்து தரவேண்டும். ஏழையின் போர்வை அடகாக வந்தால் பொழுது சாயுமுன் திருப்பித் தரவேண்டும். உதவி செய்கிறோம் என்பதற்காக அடுத்தவர் வீட்டு வாசலைத் தாண்டும் உரிமை நமக்கு வந்துவிடாது.

அவருக்குச் சம்மதமானால் பள்ளிக்கட்டணத்தையோ மருத்துவமனைக் கட்டணத்தையோ நேரடியாகக் கட்டி ரசீதை அவரிடம் கொடுக்கலாம். சம்மதம் கேட்காமல் செய்தால் அது சந்தேகப்படுவதாகத் தெரியும்.

குழுவாகச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பேர் எண்ண வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். பவுலே எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குச் சேர்த்த காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19–21). உதவி பெற்றவர் பெயரும் படமும் எந்தக் குழுவிலும் வரக்கூடாது. கவரைக் கொடுக்கும்போது படம் எடுக்கிற பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

பதில் 4: பங்கு மணி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. நாங்கள் உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறையிலிருப்போர் என ஆறு மத்தேயு 25இல் இருக்கிறது. இறந்தோரை அடக்கம் செய்வது எங்கள் விவிலியத்தில் உள்ள தோபித்து நூலின் வழியாக வந்தது. எதில் தொடங்குவதென்று தெரியாதபோது இந்தப் பட்டியலில் உங்கள் தெருவில் யாருக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

1833இல் பாரிசில் தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் முறையும் பின்பற்றத் தகுந்தது. வீடு சந்திக்க இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம், பொய்ப்புகாருக்கு இடமிருக்காது, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சந்திப்பு நின்றுபோகாது.

பதில் 5: லேவியராகமம் 19

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நோய், சாவு, கஷ்டம் என்று யாராவது விழுந்தால்தான் அன்பு காட்டுவோம் என்பதுபோல் பேச்சு போகிறது. "பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதே பக்கத்தில் கூலிக்காரன் கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்காதே (லேவியராகமம் 19:13), கோள் சொல்லித் திரியாதே (19:16), அளவையில் ஏமாற்றாதே (19:35) என்றும் இருக்கிறது. இதற்கு அந்த 3 மணி நேரம்கூட வேண்டாம்.

வீட்டுவேலை செய்பவருக்குச் சொன்ன தேதியில், அவர் கேட்குமுன் சம்பளம். அலுவலகத்தில் வேறொருவர் செய்த வேலையை அவர் பெயரோடு மேலதிகாரியிடம் சொல்வது. ஒருவர்மேல் வருத்தமிருந்தால் முதலில் அவரிடமே, தனியாக (மத்தேயு 18:15).

சபைக்காரர்களான நமக்கென்றே ஒரு நோய் உண்டு: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கோள். "அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், மகள் விஷயம்தான்..." என்று தொடங்கினாலே முடிந்தது. குழுவில் போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் என்ன எழுதப்போகிறோம் என்று அப்படியே படித்துக்காட்டி அனுமதி வாங்குங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்; 30 பேர் குழுவில் விவரத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போகிறபோக்கில் இன்னொன்று. அதிகாலையில் உரத்த சத்தமாய் வாழ்த்துகிறவனின் வாழ்த்து சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. காலை 5 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வசனப்படம் அனுப்புகிறவர்கள் கவனிக்க.

புதுக்கிளை (மீண்டும்)

எல்லோருக்கும் நன்றி, இதைத்தான் தேடினேன். எப்போது வாய் திறப்பது என்பதை யாரும் தொடவில்லை. கூடவே ஒன்று: ஒருவர் நம்மையே முழுக்கச் சார்ந்து, தினமும் அழைக்கத் தொடங்கினால்? விட்டுவிட்டால் அன்பில்லை என்றாகிவிடாதா?

பதில் 6: சத்திரக்காரன்

வாய் திறப்பது: 1 பேதுரு 3:15 கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். "ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?" என்றால் மழுப்பாமல் மூன்று நான்கு வாக்கியத்தில் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், பிறகு நிறுத்துங்கள். இன்னும் கேட்டால் இன்னும் சொல்லலாம்.

உதவி வாங்கும் நிலையில் இருப்பவரால் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. அதனால் படுக்கையருகிலும் பணம் கொடுக்கும் இடத்திலும் கைப்பிரதி வைக்காதீர்கள், கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். இயேசு சுகமாக்கிய பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பிவராத ஒன்பது குஷ்டரோகிகளும் சுகமாகத்தான் போனார்கள் (லூக்கா 17). ஜெபிக்க விரும்பினால் கேளுங்கள்: "இங்கேயே ஜெபிக்கலாமா, வீட்டில் போய் ஜெபிக்கட்டுமா?" இரண்டாவதைச் சொன்னால் அதுதான் பதில். இங்கேயே என்றால் ஒரு நிமிடம், தாழ்ந்த குரல், அனுமதியில்லாமல் தலையில் கை வேண்டாம். சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது எந்த வகையிலும் விசுவாசமல்ல, ஆளைக் கொல்லும்.

சார்ந்திருப்பது: நல்ல சமாரியன் கதையில் பிற்பாதியை யாரும் பிரசங்கிப்பதில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயம் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றினான், ஓர் இரவு பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்துச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான் (ஒரு பணம் ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20:2இல் தெரிகிறது). அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். தொகை தெரியும், பொறுப்பாளி தெரியும், திரும்பி வருவான் என்பதும் தெரியும். கைவிடுவதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல.

ஆகவே தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லுங்கள்: "6 வாரத்துக்குச் செவ்வாயும் சனியும் வருகிறேன், பிறகு சேர்ந்து பேசி முடிவெடுப்போம்." ஒருவர் தேவை உங்கள் 3 மணி நேரத்தை விழுங்கினால் மூன்று பேர் குழுவாக்குங்கள், ஆளுக்கு ஒரு நாள், யார் என்ன செய்தார்கள் என்று ஒரே நோட்டில் குறிப்பு. மோசேக்கு அவருடைய மாமனார் சொன்னதும் இதுதான் (யாத்திராகமம் 18). உங்கள் நேரத்தை நான் பிரித்தால் 20 நிமிட விசாரிப்பு அழைப்பு இரண்டு, 90 நிமிட நேரடி வேலை ஒன்று, போக்குவரத்துக்கு 20 நிமிடம், திடீரென்று வருவதற்கு 30 நிமிடம் காலி.

சில விஷயங்களைத் தனியாகச் சுமக்கவே கூடாது. தற்கொலை எண்ணம் தெரிந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. ஆளைத் தனியே விடாமல், குடும்பத்தாரையோ மருத்துவரையோ அவசர உதவியையோ உடனே இணையுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "மன்னித்துப் பொறுத்துப் போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். கணவனிடம் போய்ப் பேசவும் கூடாது. அன்று இரவு அவளுக்குத்தான் அடி விழும். அழைக்கப் பாதுகாப்பான நேரத்தை அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 7: விசாரிப்புக் குழு

சத்திரக்காரன் சொன்னதோடு ஒரு சேர்க்கை. யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், அதற்கும் பங்கு மணி சொன்ன இருவர் விதிதான். இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கட்டும், பெற்றோரின் எண் கையில் இருக்கட்டும், பிள்ளையை வெளியே கூட்டிப்போவதானால் முன்பே சொல்லி அனுமதி. யாரும் சபைக்காரர்தானே என்று இதைத் தளர்த்த வேண்டாம்.