டிவிஆர ஓசூர்ல இருந்து பாக்க முடியல, போர்ட் ஃபார்வர்டு பண்ணியும் வரல, யாராவது சொல்லுங்க

தண்டையார்பேட்ட பையன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு தண்டையார்பேட்டை, வேலை ஓசூர்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ தான் வர முடியுது. வீட்ல அம்மா மட்டும் தான், 66 வயசு, முட்டி வலி. நாங்க இருக்கறது ரெண்டாவது மாடி, சம்ப்பும் மோட்டர் சுவிட்சும் கீழ படிக்கட்டுக்கு அடியில. மெட்ரோ வாட்டர் விடியகாலைல தான் சம்ப்புக்கு வருது, அம்மா நாலரைக்கே எழுந்து கைப்பிடிய புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கி மோட்டர் போட்டுட்டு மேல வந்து, டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டு ஷீட்டு மேல ஊத்தற சத்தம் கேட்டா மறுபடி இறங்கி நிறுத்தணும். அத நெனச்சா எனக்கு இங்க தூக்கமே வர மாட்டேங்குது.

அதனால தான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்தப்ப நாலு கேமரா போட்டு, அத பதிவு பண்ற டிவிஆர் பெட்டியும் வச்சேன், வாசல், படிக்கட்டு, சம்ப்பு, மொட்டமாடி டேங்க். மோட்டருக்கு 16 ஆம்ப்னு போட்ட வைஃபை ப்ளக் ஒண்ணும் வாங்கியிருக்கேன், இன்னும் மாட்டல. வீட்டு வைஃபைல இருந்தா 192.168.1.108 போட்டா டிவிஆர் சூப்பரா வருது. ஓசூர் வந்துட்டா ஒண்ணும் வரல. க்யூஆர் ஸ்கேன் பண்ற கம்பெனி ஆப்ல லைவ் வருது ஆனா அரை நிமிஷத்துல கட் ஆகுது, நைட்டு ரெக்கார்டிங் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு வீடியோ பாத்து ரவுட்டர்ல 80, 554, 8000 மூணு போர்ட்டும் ஃபார்வர்டு பண்ணேன் (வெளிய இருந்து வர்றத டிவிஆருக்கு அனுப்ப சொல்றது), ஐபிக்கு பதிலா போடற டிடிஎன்எஸ் பேரும் வாங்குனேன், அப்பவும் டைம் அவுட் தான். ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபி (வெளி லைன் பக்கத்து அட்ரஸ்) 100.72ன்னு ஆரம்பிக்குது, ஆனா போன்ல என் ஐபி என்னன்னு தேடுனா 103ன்னு வேற என்னமோ காட்டுது. கேபிள்காரர்கிட்ட கேட்டா ஸ்டாட்டிக் ஐபிக்கு மாசாமாசம் தனியா பணம் கட்டணும்னு சொல்றாரு. கட்டுனா சரியாயிடுமா, இல்ல வேற வழி இருக்கா?

ராயபுரம் ரவுட்டர்:

தம்பி, அந்த 100.72லயே பதில் இருக்கு. ரவுட்டர்ல காட்டற ஐபியும் வெளிய தெரியற ஐபியும் வேற வேறயா இருந்தா, நீ இருக்கறது சிஜிநேட்டுக்கு பின்னாடி, அதாவது ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்கற முறை. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர்லாம் இதுக்குன்னே 2012ல ஒதுக்கி வச்சது, வெளி இன்டர்நெட்ல அந்த அட்ரஸுக்கு யாரும் வர முடியாது. சில இடத்துல 10ன்னு ஆரம்பிக்கும், அதுவும் அதே கத தான்.

பழைய வண்ணாரப்பேட்டைல ஒரே கதவு நம்பர்ல பத்து பன்னெண்டு குடித்தனம் இருக்கற வீடு பாத்திருப்பியே, அத நெனச்சுக்கோ. தெருவுக்கு தெரியறது ஒரு கதவு நம்பர் தான், அது உன் 103. உள்ள நீ எத்தனாவது ரூம்ங்கறது 100.72. வெளிய இருந்து ஒருத்தன் கதவு நம்பர மட்டும் வச்சுக்கிட்டு வந்து நின்னா, எந்த குடித்தனத்துக்கு வந்திருக்கான்னு வாசல்ல இருக்கறவருக்கு தெரியாது, திருப்பி அனுப்பிடுவாரு. நீ உன் ரூம் கதவ தொறந்து வச்சது தான் போர்ட் ஃபார்வர்டு. வாசக்கதவு உன் கையில இல்ல, அப்புறம் எப்படி வரும்? டிடிஎன்எஸ்சும் அந்த கதவு நம்பருக்கு ஒரு பேரு வச்சது தான், அதனால எதுவும் மாறாது.

ஆனா ஒண்ணு கவனி. நீ உள்ள இருந்து ஒருத்தனுக்கு லெட்டர் போட்டா, வாசல்ல இருக்கறவரு யாரு போட்டதுன்னு குறிச்சு வச்சுக்குவாரு, பதில் வந்தா கரெக்டா உன் ரூமுக்கு வந்துடும். அத வச்சு தான் வேலைய முடிக்கணும், அதாவது கனெக்‌ஷன் எப்பவும் வீட்டுக்குள்ள இருந்து வெளிய கிளம்பணும். உன் போனையும் வீட்டையும் தனி நெட்வொர்க்கா இணைக்கற டெயில்ஸ்கேல், ஜீரோடியர் மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் அப்படி தான் வேல செய்யுது. ஸ்டாட்டிக் ஐபிக்கு காசு கட்ட வேணாம்.

கொருக்குப்பேட்ட கேபிள்:

நான் லைன்ல வேல செய்றவன்பா, எங்க பக்கத்து விஷயமும் கேட்டுக்க. ஐபிவி4னு சொல்ற பழைய மாரி ஐபி அட்ரஸு உலகத்துக்கே மொத்தம் 429 கோடி தான் கீது, நம்ம ஆசியா பக்கம் ஸ்டாக்கு 2011லயே முடிஞ்சிப் போச்சி. சின்ன ஆப்பரேட்டருக்கு கையளவு அட்ரஸு தான் கெடைக்கும், அத எல்லா வூட்டுக்கும் பங்கு போட்டு தான் குடுக்கணும். உன் கேபிள்காரரு உன்ன ஏமாத்தல, அவருக்கும் அது செலவு தான்.

இன்னொண்ணு சொல்றேன், இத்த யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஏரியா கடல் பக்கம். காசிமேடு, தண்டையார்பேட்ட பக்கம் வூட்டுக்கு போனா மொட்டமாடி கேமரா ஒயர் முனைல இருக்கற பிஎன்சி பின்ன கழட்டி பாத்தா ஒரே வருஷத்துல பச்ச புடிச்சி பொடி பொடியா உதிரும். படம் கோடு கோடா வந்துச்சின்னா கேமரா போயிட்ச்சின்னு புதுசு வாங்கிடாத, மொதல்ல அந்த பின்ன மாத்து. வெளிய இருக்கற ஜாயின்ட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு, ஒயர் உள்ள போற ஓட்டைய கீழ்ப்பக்கம் பாத்த மாரி வை, தண்ணி உள்ள எறங்காது.

அப்பால கரண்ட்டு. கரண்ட்டு போனா உன் ரவுட்டரும் போகும், நீ ஓசூர்ல குந்திக்கினு இன்னா பண்ணுவ? ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்யு பாக்ஸுக்கு அடியில ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டு, எத்தினி ஆம்ப்னு போட்டிருக்கும், அத பாத்து ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டு. டிவிஆர அதுல போட்டுடாத, ஹார்டு டிஸ்க்கு சுத்தறதுக்கே பேட்டரிய குடிச்சிடும். அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வை, எல்ஓஎஸ்னு எழுதின எடத்துல செவப்பு லைட்டு எரிஞ்சா ஃபைபர் கட்டு, எத்தினி வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் வராது, ஆளு தான் வரணும்.

வியாசர்பாடி கலை:

தம்பி, முதல்ல இப்பவே ரவுட்டருக்குள்ள போய் அந்த மூணு போர்ட்டையும் எடுத்துடுங்க, கருவிங்க தானா போர்ட் தொறந்துக்கற யூபிஎன்பி ஆன்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. சிஜிநேட் இருந்ததால தப்பிச்சீங்க. எங்க மாமா பட்டறைல நெஜமான பப்ளிக் ஐபி இருந்துச்சு, டிவிஆர் பாஸ்வேர்டு வாங்கும்போது இருந்ததே தான், போர்ட்ட தொறந்து ஒரு வாரத்துல நெட்டு நத்தையா ஆயிடுச்சு, பாத்தா அந்த டிவிஆர் ராத்திரி பகல்னு இல்லாம எங்கயோ டேட்டாவா கொட்டிட்டு இருந்துச்சு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சே, அது பெருசா ஒரு வித்தையும் பண்ணல, கம்பெனி போட்டு தர்ற யூசர்நேம் பாஸ்வேர்டு ஒரு அறுபது சொச்சத்த வரிசையா போட்டு பாத்துச்சு, அவ்ளோ தான், லட்சக்கணக்குல கேமராவும் டிவிஆரும் மாட்டுச்சு. அந்த அக்டோபர்ல டைனுங்கற, சைட்டு பேர ஐபியா மாத்தி தர்ற டிஎன்எஸ் கம்பெனிய அடிச்சதுல அமெரிக்கால நெறைய பெரிய சைட்டுங்க தொறக்கவே இல்ல. அதுக்கு உழைச்சதெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல மாட்டின கேமரா தான்.

இப்ப செய்ய வேண்டியது. டிவிஆர்ல டெயில்ஸ்கேல் போட முடியாது, அதனால வீட்ல எப்பவும் ஆன்ல இருக்கற ஒரு சின்ன டப்பா வேணும். பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டாலும் சரி, ராஸ்பெர்ரி பைங்கற கையடக்க கம்ப்யூட்டர் இருந்தாலும் சரி, கரண்ட் கம்மியா எடுக்கும்ங்கறதால பை தான் என் ஓட்டு. அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டு ரவுட்டரோட நெட்வொர்க்க 192.168.1ல இருந்து வேற ஒண்ணா மாத்துங்க, 192.168.47னு வைங்களேன். உங்க ஓசூர் ரூம் ரவுட்டரும் கிட்டத்தட்ட கண்டிப்பா 192.168.1 தான் இருக்கும், அங்க உக்காந்து 192.168.1.108 போட்டா போன் அந்த ரூமுக்குள்ளயே தேடிட்டு இல்லன்னு சொல்லிடும், நீங்க ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சுக்குவீங்க. அப்படி மாத்தும்போது டிவிஆர்ல கையால போட்ட ஐபி பழசாவே நிக்கும், மானிட்டர் மாட்டி அங்கயும் மாத்தணும், கேட்வேயோட (ரவுட்டர் அட்ரஸ்) சேத்து.

அப்புறம் பைல டெயில்ஸ்கேல் போட்டு லாகின் பண்ணுங்க, ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வர்றத இன்னொரு பக்கம் கடத்தி விடறது) ஆன் பண்ணுங்க, 192.168.47.0/24 முழுசையும், அதாவது வீட்டு நெட்வொர்க் மொத்தத்தையும், நான் கொண்டு போறேன்னு ரூட் அறிவிக்க சொல்லுங்க, இதுக்கு பேரு சப்நெட் ரவுட்டர். நெறைய பேர் இங்கயே நிறுத்திட்டு வரலைன்னு கேப்பாங்க, அட்மின் பேஜ்ல போய் அந்த ரூட்ட நீங்க ஒத்துக்கணும், அப்ப தான் வேல செய்யும். போன்ல ஆப் போட்டு அதே அக்கவுன்ட்ல உள்ள போனா 192.168.47.108 வீட்ல இருக்கற மாதிரியே தொறக்கும். டெயில்ஸ்கேல் உங்க போனுக்கும் ஒரு 100ன்னு ஆரம்பிக்கற நம்பர் குடுக்கும், அத ரவுட்டர்ல பாத்த 100.72வோட போட்டு குழப்பிக்காதீங்க, அது வேற இது வேற. உள்ள ஓடறது வயர்கார்டுங்கற பூட்டு போட்டு அனுப்பற முறை, நடுவுல யாரும் உங்க வீட்டு படத்த பாக்க முடியாது. லாகின் பண்ற அந்த மெயில் அக்கவுன்ட்டுக்கு பாஸ்வேர்டோட ரெண்டாவதா ஓடிபியும் கட்டாயம் வைங்க, இப்ப உங்க வீட்டு சாவி அது தான். மொபைல் டேட்டால பாக்கும்போது மெயின் ஸ்ட்ரீம் வேணாம், தரம் கொறைஞ்ச சப் ஸ்ட்ரீம் வைங்க, டேங்க்ல தண்ணி எவ்ளோன்னு பாக்க அது போதும்.

பெரம்பூர் லோகோ:

நெட்வொர்க் எனக்கு தெரியாது தம்பி, கரண்ட் வேலைல முப்பது வருஷம். அந்த 16 ஆம்ப் வைஃபை ப்ளக்க மோட்டர்ல நேரா மாட்டிடாத. 1 ஹெச்பி மோட்டர் ஓடும்போது ஆறு ஆம்ப் கிட்ட தான் எடுக்கும், ஆனா கிளம்பற அந்த நொடில அதுக்கு அஞ்சாறு மடங்கு இழுக்கும். ப்ளக்குல போட்டிருக்கற 16 ஆம்ப் ஹீட்டர் மாதிரி லோடுக்கு எழுதினது. தினம் ரெண்டு தடவ மோட்டர் போட்டா கொஞ்ச நாள்ல உள்ள இருக்கற கான்டாக்ட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், உன் ஆப்ல ஆஃப்னு காட்டும், கீழ மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். சம்ப்பு காலியாகி வெறுமனே ஓடுனா சீல் கருகிடும். நடுவுல ஒரு கான்டாக்டர் போடு, அதாவது சின்ன கரண்ட்ல காயில் இழுத்து பெரிய லோட ஆன் பண்ற சுவிட்ச், ப்ளக் அந்த காயில மட்டும் இழுக்கட்டும். மேல டேங்க்ல ஒரு ஃப்ளோட் சுவிட்ச், சம்ப்புல ஒரு ஃப்ளோட், ரெண்டும் கட்டாயம், நெட்டு இருந்தாலும் இல்லாட்டியும் அது தானா நிக்கணும். தண்ணி இருக்கற எடம், கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லன்னா அதையும் போட்டுடு.

அப்புறம் ஒண்ணு, கான்டாக்டர் போட்டுட்டா காயிலுக்கு போற ஒயர் சின்னது தான், அத பைப்ல போட்டு ரெண்டாவது மாடிக்கு இழுத்து சமையல்கட்டுல ஒரு சுவிட்ச் வச்சுடலாம். அம்மா கீழ இறங்கவே வேணாம், நீயும் நாலரைக்கு எழுந்திரிக்க வேணாம். லைசன்ஸ் இருக்கற எலக்ட்ரீசியன் அரை நாள்ல முடிச்சுடுவாரு.

தண்டையார்பேட்ட பையன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சனிக்கிழமை வந்தேன், கலை அக்கா சொன்ன வரிசைலயே பண்ணேன். நெட்வொர்க் மாத்தினதும் டிவிஆர் காணாம போச்சு, டிவிய கழட்டி ஹெச்டிஎம்ஐ மாட்டி ஐபியும் கேட்வேயும் மாத்தினேன். ரூட் ஒத்துக்கறத நானும் மறந்துட்டேன், அரை மணி நேரம் போச்சு, அப்புறம் மறுபடி படிச்சு பாத்து அட்மின் பேஜ்ல டிக் போட்டேன். மொட்டமாடி கேமரா பின்னு கேபிள் அண்ணா சொன்ன மாதிரியே பச்ச, போட்டு ரெண்டு மாசம் தான் ஆகுது, மாத்திட்டேன்.

இன்னிக்கு ஓசூர்ல இருந்து எழுதறேன். காலைல 4.40க்கு முழிப்பு வந்துச்சு, போன்ல பாத்தேன், சம்ப்பு கேமராவுல பைப் வாய்ல இருந்து தண்ணி விழறது தெரியுது, அப்புறம் படிக்கட்டு கேமராவுல அம்மா வலது கையால கைப்பிடிய புடிச்சு இடது கைல டார்ச்சோட இறங்கறாங்க, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேத்து வச்சு நின்னு தான் அடுத்த படி. இத்தன வருஷமா இப்படி தான் இறங்கியிருக்காங்கன்னு இன்னிக்கு தான் கண்ணால பாத்தேன். உடனே லோகோ ஐயா சொன்ன கான்டாக்டர் வேலைக்கு எலக்ட்ரீசியன்கிட்ட பேசிட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாரு, சமையல்கட்டு சுவிட்ச் தான் முதல் வேலை, வைஃபை ப்ளக் அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம், ரெக்கார்டிங் பாக்கும்போது சில நேரம் ஸ்பீடா வருது, சில நேரம் திணறுது, அது ஏன்?

வியாசர்பாடி கலை:

வீடும் போனும் நேரா பேசிக்க முடிஞ்சா ஸ்பீடு. ரெண்டு பக்கமும் நேட் (அந்த வாசல்காரர் வேல) இறுக்கமா இருந்தா நடுவுல இருக்கற அவங்க சர்வர் வழியா சுத்தி வரும், அப்ப திணறும். பைல ஸ்டேட்டஸ் கேட்டா டைரக்டா ரிலேயான்னு சொல்லும். ரிலேன்னு வந்தா ஓசூர் ரூம் வைஃபைலயும் மொபைல் டேட்டாலயும் மாத்தி மாத்தி பாருங்க, ஒண்ணுல டைரக்ட் கெடைச்சுடும் பெரும்பாலும்.

அம்மாவ பத்தி எழுதினத படிச்சேன், ஞாயித்துக்கிழமை வேலை தள்ளி போகாம பாத்துக்கோங்க. அப்புறம் முக்கியமா கேக்க மறந்துட்டேன், அட்மின் பேஜ்ல பைக்கு மட்டும் கீ எக்ஸ்பயரிய டிஸேபிள் பண்ணீங்களா? பண்ணலன்னா 180 நாள்ல அது தானா லாகவுட் ஆயிடும், மறுபடி லாகின் பண்ற வரைக்கும் வீடு தெரியாது.

தண்டையார்பேட்ட பையன்:

பண்ணல அக்கா. இப்ப பண்ணிட்டேன்.