ஸ்லோ குக்கரில் முதல் சமையல்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

செல்லூர்க்காரி

ஸ்லோ குக்கர் (மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பீங்கான் சட்டி) வாங்கியவர்கள் எல்லோரும் “போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், வந்து சாப்பிடுங்கள்” என்கிறார்கள். அம்மா வீட்டில் இருக்கும்போது அது நடக்குமா என்பதுதான் என் கேள்வி.

நெஞ்செலும்பு முக்கால் கிலோ. வெங்காயம், தக்காளி எல்லாம் காலையிலேயே வதக்கிப் போட்டு, லோவில் (குறைந்த சூட்டில்) வைத்துவிட்டுக் கிளம்பினேன். மூடியை மட்டும் திறக்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்குப் போன். “ஏம்மா, இது விசிலே அடிக்கலையே?” அடிக்காதும்மா என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும். “கொதிக்கவும் இல்ல. ஓரத்துல லேசா நுரை கட்டுது, அம்புட்டுத்தான்.” நுரை கட்டுவது மூடியைத் திறக்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கண்ணாடி மூடியாம், தெரியுமாம். ஒரு மணிக்குப் போன் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால் பீங்கான் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மேடையில் பிரஷர் குக்கர் உட்கார்ந்திருக்கிறது. “கறி முறைச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஆறு விசில் விட்டேன், அடங்கிருச்சு.” அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “புது மிஷின் நல்லாத்தான் வேக வைக்குது” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

அப்பாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. போகிற இடத்தில் எல்லாம் மிஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாடிப்பட்டி மாப்பிள்ளை

உங்களுக்காவது மிஷின் மிஞ்சியது சகோதரி.

மச்சினன் டல்லாஸிலிருந்து வரும்போது தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல கனம். என் மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தார். பிளக் தட்டை முனை, நம் சுவரில் நுழையாது. மாமா எங்கிருந்தோ ஓர் அடாப்டரைத் தேடி எடுத்து வந்து சொருகினார். உள்ளே நாட்டுக்கோழி. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. வீடே கை தட்டியது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ரப்பர் கருகும் வாடை, பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். வைத்த பொட்டு இன்னும் காயக்கூட இல்லை. என் சின்ன மகள் மட்டும், “கோழி வெடிச்சிருச்சா தாத்தா?” என்று கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை.

அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அடாப்டர் பிளக்கின் முனையைத்தான் மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடாக்கும் கம்பி இழுக்கும் மின்சக்தி நான்கு மடங்காகும். 250 வாட் சட்டி கிட்டத்தட்ட 900 வாட்டில் ஓடப் பார்த்தது, கருகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து யார் கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம் என்பார்கள். அதையும் மணிக்கணக்கில் சூடேற விட்டு, அதற்குப் பக்கத்தில் யார் காவல் இருப்பது? நம் ஊர் வோல்ட்டுக்கே செய்தது கடையில் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

கோழியை அடுப்பில் வைத்துச் சாப்பிட்டோம். ருசி ஞாபகம் இல்லை.

பழங்காநத்தம் டீச்சர்

எங்கள் வீட்டுக் கதை மூடியாலும் வந்தது இல்லை, வோல்ட்டாலும் வந்தது இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை.

ஆட்டுக்கறி, சப்பைத் துண்டு, காலை எட்டு மணிக்கு வைத்தது. வீட்டில் யாரும் இல்லை. நான்கு மணிக்கு நானும் மாமனாரும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். மணம் தூக்குகிறது, சட்டி சூடாக இருக்கிறது, விளக்கு எரிகிறது. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அலமாரியில் இருந்த டிஜிட்டல் கடிகாரம் தப்பான நேரத்தைக் காட்டி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். ஒன்பது மணிக்குப் போய் இரண்டு மணிக்குத்தான் வந்ததாம்.

எங்களுடையது திருகு வைத்த மாடல். கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓட ஆரம்பித்துவிடும், போய் வந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. பட்டன் வைத்த டிஜிட்டல் மாடலில் பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும், அதில் குறைந்தபட்சம் நமக்குத் தெரிந்துவிடும்.

நான் கொட்டிவிட்டேன். கறி விற்கிற விலையில் மாமனாருக்கு அது தாங்கவில்லை. “ஒரு கொதி விட்டா எந்தக் கிருமிம்மா நிக்கும்?” என்றார். அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் ஃபிரிட்ஜைக் காட்டி, “கொட்டிரலாமா?” என்கிறார். மின்விசிறி நின்றால்கூட.

உமி அடுப்பு

டீச்சர், உங்கள் மாமனார் சொன்னதில் என்ன தப்பு? இப்போதுள்ளவர்களுக்கு எதைக் கண்டாலும் பயம்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது, தேதி ஒட்டிய பாக்கெட்டும் கிடையாது. ஆட்டுக்காலைத் தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மண்பானையில் ராத்திரி உமி அடுப்பில் ஏற்றிவிடுவார். உமி எரியாது, கங்காக விடிய விடியக் கனிந்துகொண்டே இருக்கும். நடுராத்திரி யார் எழுந்து போனாலும் அப்பத்தா படுத்தபடியே, “அடுப்புப் பக்கம் போகாதீக” என்பார். எப்போதுதான் தூங்குவாரோ. காலையில் கரண்டியை விட்டால் எலும்பு தனி, சவ்வு தனி. சாறு உதட்டில் ஒட்டும். அந்த ஒட்டலை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை, இந்த பீங்கான் சட்டியிலும் பார்க்கவில்லை. மகன் வாங்கிக் கொடுத்தான், செய்து பார்த்தேன். கால் நன்றாகத்தான் வெந்தது, பொய் சொல்லக்கூடாது. புகை வாசம் இல்லாத பாயா, ஆஸ்பத்திரி சூப் மாதிரி இருந்தது.

லேப் கோட்

@உமி அடுப்பு: ஐயா, அப்பத்தா செய்தது முழுக்கச் சரி. டீச்சர் கொட்டியதும் சரி. இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள், அதுதான் இடிக்கிறது. உமி அடுப்புக்கு கரண்ட் போகாது. பானை ஒரு தடவை சூடேறினால் விடியும்வரை சூடு இறங்காது. டீச்சர் சட்டி ஒரு மணி நேரம்தான் ஓடியது. குளிர்ந்த கறி அதற்குள் முழுதாகச் சூடேறியே இருக்காது, அப்படியே ஐந்து மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. கிருமி பெருகுவது 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உள்ள இடைவெளியில்தான். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது. டீச்சர் மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டலாம். நம்ப மாட்டார், அது வேறு.

என் கதை சின்னது. திருநகரில் இருக்கும் தம்பி, வடநாட்டு நண்பன் சொன்னான் என்று ராஜ்மாவை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போட்டான். பயறு முக்கால் வேக்காடு, ருசி பார்க்க இரண்டு கரண்டி சாப்பிட்டிருக்கிறான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி. பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, பயறுக்குள்ள விஷம் இருக்குமாண்ணே?” என்றான். இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாமல் போகலாம், 80 டிகிரி அளவில் அதன் வீரியம் கூடுவதாகவும் கண்டிருக்கிறார்கள். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு அப்புறம் சட்டிக்கு மாற்றுங்கள். மொச்சைக்கும் இதையே செய்துவிடுவது நல்லது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். யாரும் கேட்கவில்லை, தெரியும். மூடியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 20, 30 நிமிடம் கூடுதலாக வேக வேண்டியிருக்கும் (செல்லூர்க்காரி, அம்மா எத்தனை தடவை திறந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்). சட்டி பாதிக்குக் குறையாமல், முக்கால்வாசிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தண்ணீர் சுண்டாது, அதனால் குழம்புக்கு வழக்கமாக ஊற்றுவதில் பாதி போதும். கடைசி அரைமணி நேரம் மூடியை எடுத்துவிட்டு ஹையில் வைத்தால் கெட்டிப்படும். கறியைவிட உருளைக்கிழங்கு மெதுவாக வேகும், அதை அடியில் போட்டு மேலே கறியைப் போடுங்கள். பட்டை, கிராம்பு பாதியாகக் குறையுங்கள், மணிக்கணக்கில் ஊறி வாடை தூக்கிவிடும். புளி முதலிலேயே ஊற்றினால் பருப்பும் பயறும் வேக அடம்பிடிக்கும். தேங்காய்ப்பால் கடைசியில், இல்லாவிட்டால் திரிந்துவிடும். ஈரலும் மீனும் இதற்கு ஆகாது. உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். வதக்குவதும் தாளிப்பதும் எப்போதும் அடுப்பில்தான், அந்த வேலையை இந்தச் சட்டி செய்யாது.

பழங்காநத்தம் டீச்சர்

படித்துக் காட்டினேன். “யாரு இந்தத் தம்பி, டாக்டரா?” என்றார்.

@உமி அடுப்பு: ஐயா, உங்கள் அப்பத்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி உண்டு. இந்தக் கருவியைச் செய்த இர்விங் நாக்சன் ஒரு யூதர். ஓய்வு நாளில் தீ மூட்டக்கூடாது என்பதால், பயறும் கறியும் போட்ட பானையை முந்தின நாள் மாலையே ரொட்டி சுடுபவரின் அடுப்பில் வைத்து, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் வேகவிடுவது அவர்கள் வழக்கம். லித்துவேனியாவில் அப்படிச் செய்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அவர் மின்சாரச் சட்டி செய்தார். காப்புரிமை 1940இல் கிடைத்தது. 1971இல் ரைவல் என்ற கம்பெனி அதை ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

உமி அடுப்பு

சரி. அதிலும் புகை வாசம் வராது.

கோரிப்பாளையம் பேச்சிலர்

பால் வைக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வதால் எழுதுகிறேன். மாடி ரூம், வீட்டுக்காரம்மா கேஸுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார், மின்சாரச் சட்டிக்குச் சரி என்றார். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்ட வைக்க ஆசை. மூடி போட்டால் ஒரு சொட்டுக்கூடச் சுண்டாது, அது உண்மை. மூடியை எடுத்துவிட்டு ஹையில் வைத்து, அவ்வப்போது ஓரத்தில் படியும் ஆடையை உள்ளே வழித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரி பத்து மணி வாக்கில் பால் இளஞ்சிவப்பாகிவிட்டது. வாசம் படியிறங்கிப் போயிருக்கிறது. கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா கையில் டம்ளரோடு நிற்கிறார். “தம்பி, மேல பால்கோவா கடை ஏதும் போட்டிருக்கியா?”

கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் இல்லை. வெறும் பாலையே வாங்கிக் குடித்துவிட்டு, கரண்டுக்குத் தனியாகக் காசு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 200 வாட் சட்டி ஆறு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். கணக்கைச் சொன்னேன். “டம்ளர் பாலுக்கு அதுல எம்புட்டுக் கழிப்ப?” என்றார். இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

திருநகர் சித்தி

மருமகள் ராத்திரியே எல்லாம் நறுக்கி, பீங்கான் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். காலையில் எடுத்து அப்படியே மிஷினில் இறக்கி ஹையில் வைத்தாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். அடியிலிருந்து விளிம்புவரை மயிரிழைக் கீறல், அதன் வழியே ரசம் மாதிரிக் கசிகிறது. மிஷின் நன்றாக இருக்கிறது. சட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா? எம்-சீல் வைத்து ஒட்டலாம் என்கிறான் மகன்.

லேப் கோட்

ஒட்டாதீர்கள் சித்தி, சாப்பாடு வேகிற பாத்திரம். கீறலுக்குள் எண்ணெயும் கறிச்சாறும் தங்கும், அடியில் கசிந்தால் ஷாக்கும் அடிக்கும். மிஷினின் அடித்தகட்டில் மாடல் எண் இருக்கும், அதைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

வாடிப்பட்டி மாப்பிள்ளை

சித்தி, என்னிடம் சட்டி மட்டும் முழுசாக இருக்கிறது, மிஷின்தான் போனது. முட்டை வடிவம், கிட்டத்தட்ட ஐந்தரை லிட்டர். மாமியார் அதில் ஊறுகாய் போடப் போகிறேன் என்கிறார். வேண்டுமென்றால் அதற்கு முன்னால் சொல்லுங்கள்.

திருநகர் சித்தி

எங்களுடையது வட்டம் தம்பி. ஊறுகாயே போடச் சொல்லுங்கள்.