பக்கவாதம் என்கிறார்கள், ஆனால் கை கால் விழவில்லை: சிறுமூளை பாதிக்கப்பட்டால் என்னதான் ஆகிறது?

கேள்வி: இளவேனில்

வணக்கம். என் தந்தைக்கு வயது 61. ஐந்து வாரங்களுக்கு முன்பு அதிகாலையில் எழுந்தவர், அறையே சுழல்வதாகச் சொல்லிச் சுவரைப் பற்றிக்கொண்டார். தொடர்ந்து வாந்தி எடுத்தார். முதலில் சென்ற மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, காதுக் கோளாறாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பிடிமானம் இல்லாமல் அவரால் நிற்கவே முடியவில்லை. வேறோரிடத்துக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான், சிறுமூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டிருப்பது தெரிந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறார். படுத்த நிலையில் காலை உதைக்கச் சொன்னால் முழு வலிமையோடு உதைக்கிறார். கையைப் பிடித்தால் இறுக்கமாகப் பிடிக்கிறார். ஆனால் எழுந்து நடந்தால் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறார். வலக்கையால் குவளையை எடுக்கப் போனால், கை அதை நெருங்க நெருங்க நடுக்கம் கூடி, குவளையைத் தாண்டிப் போய்விடுகிறது. பேச்சும் சொல் சொல்லாக அறுந்து வருகிறது. முன்பு எதற்கும் நிதானம் இழக்காதவர், இப்போது சிறு விஷயத்துக்கும் சினம் கொள்கிறார்.

பார்க்க வருகிறவர்கள், “கை கால் விழவில்லையே, மனம் வைத்தால் நடந்துவிடலாம்” என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். ஒரு நாள் நானும் அப்படி நினைத்துவிட்டேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வலிமை இருந்தும் ஏன் முடியவில்லை? மூளையின் வலப்பக்கம் உடலின் இடப்பக்கத்தை ஆள்கிறது என்று படித்திருக்கிறேன். இவருக்கு வலக்கையே தடுமாறுவது ஏன்? இந்தச் சினமும் நோயின் பகுதியா?

மறுமொழி 1: நரம்பியல் மருத்துவர் ஒருவர்

உங்கள் உறவினர்கள் தவறாக எண்ணுவதற்கு நம் சொல்லே பாதிக் காரணம். பக்கவாதம் என்றதும் ஒரு பக்கம் செயலற்றுப் போவதையே நாம் எதிர்பார்க்கிறோம். சிறுமூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபடும்போது பெரும்பாலும் அப்படி நிகழ்வதில்லை. தசையை இயக்கும் கட்டளை பெருமூளையிலிருந்து புறப்பட்டு முதுகுத்தண்டு வழியே இறங்குகிறது. அந்தப் பாதை உங்கள் தந்தைக்குக் குலையாமல் இருக்கிறது. எந்தத் தசை எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும், எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கைச் சிறுமூளை பார்த்துக்கொள்கிறது. அதுதான் அவருக்குக் குலைந்திருக்கிறது. குவளையைத் தாண்டிக் கை போவதற்குக் காரணம், நிறுத்தும் தசை காலம் தாழ்த்தி வேலை செய்வது. பின்னர் அவர் திருத்துகிறார், அதுவும் மிகையாகிறது, மீண்டும் திருத்துகிறார். இலக்கை நெருங்கும்போது நீங்கள் காணும் நடுக்கம் இந்தத் திருத்தங்களின் தொடர்தான்.

மூளையின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சிறுமூளை. ஆயினும் மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் நெருங்கி அமைந்துள்ளன. சிறு பகுதி இறந்தாலும் இழப்பு சிறிதாக இருக்காது என்பதை இதிலிருந்து உணரலாம்.

வலப்பக்கக் கேள்விக்கு வருகிறேன். சிறுமூளையிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் எதிர்ப்பக்கப் பெருமூளைக்குக் கடக்கின்றன. அங்கிருந்து இறங்கும் கட்டளைப் பாதை மீண்டும் ஒருமுறை பக்கம் மாறுகிறது. இருமுறை கடப்பதால் தொடங்கிய பக்கத்துக்கே வந்து சேர்கிறது. சிறுமூளையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டால் உடற்பகுதியும் நடையும் தள்ளாடும். உட்கார்ந்திருக்கவே சிலர் சிரமப்படுவார்கள். பக்கப் பகுதிகள் பாதிக்கப்பட்டால் அந்தந்தப் பக்கத்துக் கையும் காலும் தடுமாறும்.

முதல் நாளில் இது தவறவிடப்பட்டது எனக்கு வேதனை தருகிறது, ஆனால் வியப்புத் தரவில்லை. தடித்த எலும்புகளுக்கு நடுவே அமைந்திருப்பதால் சிறுமூளை சி.டி. படத்தில் தெளிவாக விழுவதில்லை. அடைப்பினால் வரும் மாற்றமும் முதல் சில மணி நேரத்தில் அதில் பெரும்பாலும் தெரியாது. முதல் ஓரிரு நாட்களில் எம்.ஆர்.ஐ. கூடச் சிலரிடம் ஏமாற்றும். தலைசுற்றல் விடாமல் நீடிக்கும் நோயாளியிடம், பயிற்சி பெற்ற மருத்துவர் கண்களைக் கவனித்தே பல நேரங்களில் வேறுபாட்டைக் கண்டுகொள்வார். தலையைச் சட்டென்று திருப்பினாலும் பார்வை இலக்கை விட்டு விலகாமல் இருந்தால், உட்காது நரம்பு நலமாக உள்ளது என்று பொருள். அப்படியானால் தலைசுற்றலின் காரணத்தை மூளையில் தேட வேண்டும். நலமான விடை வரும்போதுதான் மிகுந்த கவலை கொள்ள வேண்டும் என்பது இந்தச் சோதனையின் தனித்தன்மை. பார்க்கும் திசைக்கேற்பக் கண் நடுக்கத்தின் திசை மாறுவதும், ஒரு கண் மற்றதைவிட மேலே விலகி நிற்பதும் அதே எச்சரிக்கைகள்.

இதைப் படிக்கும் பிறருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிறுமூளை வீங்கக்கூடும். அதைச் சூழ்ந்துள்ள இடம் மிகக் குறுகியது. வீக்கம் மூளைத்தண்டை அழுத்தும், மூளைநீர் வடியும் வழியையும் அடைக்கும். தலைவலி கூடினாலோ, நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது. உரிய நேரத்தில் பின்மண்டை எலும்பைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தால், அந்த நிலையிலிருந்தும் நன்றாக மீண்டவர்கள் உண்டு.

சினம் நோயின் பகுதியாக இருக்கலாம். சிறுமூளை பாதிப்பினால் திட்டமிடல், இடவுணர்வு, சொல்வளம், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவையும் குலையலாம் என்பதை ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் என்ற ஆய்வாளர்கள் 1998இல் விரிவாக எடுத்துக்காட்டினர். பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இப்படி வெளிப்படுவதுண்டு. அதற்கு மருத்துவம் இருப்பதால் அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுமொழி 2: இயன்முறை சிகிச்சையாளர்

மேலே மருத்துவர் சொன்னவற்றோடு பயிற்சி பற்றி மட்டும் சேர்க்கிறேன். பார்வையை ஒரு பக்கமாக விலக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து பந்து எறிந்தால், நலமானவர் முதல் சில எறிகளில் குறி தவறி, பிறகு தாமாகவே திருத்திக்கொள்வார். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் பலர் தொடர்ந்து அதே பக்கம் தவறிக்கொண்டே இருப்பார்கள். பிழையிலிருந்து தானாகக் கற்கும் திறனே குறைந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஆகவே உங்கள் தந்தை நேற்றுச் செய்த தவற்றை இன்றும் செய்தால், அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கூடுதல் முறை செய்து பழகும் வாய்ப்புத் தேவை. அசைவைச் சிறு கூறுகளாகப் பிரித்து, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும் அசைத்து, கண்ணால் பார்த்தபடியே செய்வது உதவும்.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். இதைக் குடும்பத்தாரிடம் நான் எத்தனை முறை சொன்னாலும் அன்பின் மிகுதியால் மறந்துவிடுகிறார்கள். முன்பு தானாக நடந்த கால்களை இப்போது அவர் எண்ணி எண்ணி நடத்துகிறார். பேச்சில் கவனம் போனால் கால் தவறும். மணிக்கட்டில் சிறு எடையைக் கட்டினால் நடுக்கம் குறைவது போலத் தோன்றும், ஆனால் கழற்றியதும் அந்தப் பயன் பெரும்பாலும் நீடிப்பதில்லை. விழுங்கும்போது புரையேறுகிறதா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாகத் தெரியும், பின்னர் மெதுவாகும். சிறுமூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் தப்பியிருந்தால் மீட்சி நன்றாக இருப்பது வழக்கம், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

மறுமொழி 3: படிக்கட்டு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 38ஆம் வயதில், கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து எனக்கு இடப்பக்கச் சிறுமூளையில் அடைப்பு ஏற்பட்டது. உங்கள் தந்தையின் சோர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் உலகப்போரில் தலையில் குண்டடி பட்ட வீரர்களை ஆராய்ந்து சிறுமூளையின் பணியை விளக்கியவர் கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர். அவருடைய நோயாளி ஒருவர், தம் இடக்கை தானாக இயங்குவதாகவும், பாதிக்கப்பட்ட வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதாகவும் சொன்னாராம். அதைப் படித்த அன்று நான் நெடுநேரம் அழுதேன். என் நிலையை எவரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பொத்தான் போடுவது, திரும்புவது, ஒரு படி இறங்குவது என எல்லாமே தனித்தனி முடிவுகளாகிவிட்டன. நண்பகலுக்குள் முடிவெடுக்கும் ஆற்றல் தீர்ந்துவிடும். தள்ளாட்டத்தைப் பார்த்து நான் குடித்திருப்பதாக நினைத்து விலகியவர்களும் உண்டு.

இன்று தனியாக நடக்கிறேன். கையெழுத்து மட்டும் இன்னும் பெரிதாக, ஒழுங்கற்றுத்தான் வருகிறது. எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன்: திரும்ப வேண்டுமானால் நின்றுவிடுவேன், முதலில் கண்கள், பிறகு தலை, கடைசியில் பாதங்கள். இருட்டில் தடுமாற்றம் கூடும் என்பதால் இரவில் நடைபாதை விளக்கை அணைக்காதீர்கள்.

இளவேனில்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அந்தப் போர்வீரர் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பல் துலக்கும்போதுகூடக் கையை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது அம்மா” என்றார். ஐந்து வாரங்களில் தம் நிலையைப் பற்றி அவர் இப்படிச் சொன்னது இதுவே முதல் முறை. விழுங்கும் சோதனைக்கும், சினம் பற்றிக் கேட்பதற்கும் வரும் வாரத்தில் நேரம் குறித்திருக்கிறோம். பேச்சுப் பயிற்சியைக் காலையில், அவர் சோர்வடைவதற்கு முன் வைத்துக்கொள்ளலாமா, நடைப் பயிற்சிக்கு அந்த நேரத்தை விட்டுவிட வேண்டுமா என்பதை மட்டும் சிகிச்சையாளர் சொன்னால் உதவியாக இருக்கும்.

இயன்முறை சிகிச்சையாளர்

காலை நேரம் நடைக்கே இருக்கட்டும். களைப்பில் நடந்தால் விழ நேரலாம். ஓய்வெடுத்த பிறகு, உட்கார்ந்த நிலையில் பத்துப் பத்து நிமிடங்களாகப் பேச்சுப் பயிற்சியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.