உள்ளூர் கேபிள் சேனலை விட்டுட்டு சமுதாய வானொலி பக்கம் போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னை_லைன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு சின்ன ஊரு, சுத்தியிருக்கிற கிராமத்தையும் சேத்து கேபிள் லைன் ஓட்டுறேன். அப்பா ஆரம்பிச்ச லைன், மாடியில டிஷ் வச்சு பக்கத்து ரூமையே கன்ட்ரோல் ரூமா வச்சிருந்தவரு. இப்ப நிலைமை உங்களுக்கே தெரியும், படிக்கிற புள்ளைங்க இருக்கிற வீடெல்லாம் ஃபைபர் நெட்டுக்குப் போயாச்சு, மிச்சம் நிக்கிறது சீரியல் பாக்குற அம்மாக்களும் நியூஸ் பாக்குற பெருசுங்களும்தான், வசூலுக்குப் போனா "ஒரு மாசம் நிறுத்தி வைங்க தம்பி"ங்கிறாங்க.

ஆனா எங்க உள்ளூர் சேனலுக்கு மட்டும் இன்னும் மவுசு குறையல. தேர், தெப்பம், கும்பாபிஷேகம் லைவ், ஸ்கூல் ஆண்டு விழா, ஆடித் தள்ளுபடி விளம்பரம், சாயங்காலம் கண்ணீர் அஞ்சலி போட்டோ. அதுல பூ பார்டர் சரியா வரலன்னா வீட்டு ஆளுங்க நேரா வந்துடுவாங்க. ஆத்துல முறை வெச்சுத் தண்ணி விடுற நாள்ல எந்த வாய்க்காலுக்கு எப்பன்னு கீழ ஸ்க்ரோல் ஓட விட்டா சேனல் மாத்தாம உக்காந்து பாப்பாங்க. கடைமடையில இருக்கிறவனுக்கு அதுதானே தலைப்புச் செய்தி.

பிரச்சனை என்னன்னா டிஜிட்டல் வந்ததுலேந்து சேனல் என் கையில இல்ல. எம்எஸ்ஓ, அதாவது எல்லா சேனலையும் மொத்தமா வாங்கி நம்ம லைனுக்கு அனுப்புற பெரிய கேபிள் கம்பெனி, அவங்க கன்ட்ரோல் ரூம் வழியாத்தான் போகணும், அவங்க நம்பரைத் தூக்கி எங்கயோ கடைசியில போட்டுட்டாங்க, இப்ப அதுக்கும் மாசா மாசம் காசு கேக்குறாங்க. அமெரிக்காவுல குறைஞ்ச பவர்ல சின்னச் சின்ன டிவி ஸ்டேஷன் ஊருக்கு ஊரு இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, நம்ம ஊர்ல அந்த மாதிரி லைசென்ஸ் கிடைக்குமா? இல்ல சுத்துவட்டாரத்துக்கு மட்டும் கேக்குற சின்ன எஃப்எம் இருக்கே, அந்தச் சமுதாய வானொலி எடுத்துடலாமா? கேமரா, எடிட்டிங், குரல் குடுக்கிற பொண்ணு எல்லாம் கைவசம் இருக்கு. வீடு ஓடுற அளவுக்கு வருமானம் வருமான்னும் சொல்லுங்க.

குடந்தை_ஹெட்எண்ட்:

தம்பி, கன்ட்ரோல் ரூம் வேலையிலயே தலை நரைச்ச ஆளு நான். டிவி பேச்சை முதல்ல விட்டுடுங்க. இந்தியாவுல தரை வழியா, அதாவது டவர்லேந்து நேரா வீட்டு ஆன்டெனாவுக்கு டிவி ஒளிபரப்புறது தூர்தர்ஷன் மட்டும்தான், தனியாருக்கு அந்த வழியே கிடையாது. ஊருக்கு ஊரு அவங்க வச்சிருந்த குறைஞ்ச பவர் டிரான்ஸ்மிட்டரையே கொஞ்ச வருஷம் முன்னாடி மூடிட்டாங்க.

அனலாக் காலத்துல உங்க அப்பா என்ன பண்ணியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஒரு விசிஆர், அப்புறம் ஒரு கம்ப்யூட்டர், அதுலேந்து படத்தை ஒரு சேனல் அலைவரிசையில ஏத்துற மாடுலேட்டர், காலியா கிடக்கிற சேனல்ல சொருகி, எல்லா சேனலையும் ஒரே கம்பியில சேக்குற கம்பைனர்ல சேத்தா லைன் பூரா உள்ளூர் சேனல் ஓடும், யாரையும் கேக்க வேண்டாம். இப்ப உங்க படத்தை என்கோடர்ல ஏத்தி டிஜிட்டலா மாத்தி, மக்ஸ்ங்கிற மெஷின்ல மத்த சேனலோட சேத்து, பூட்டு போட்டு அனுப்பினாத்தான் வீட்டு செட்டாப் பாக்ஸ் திறக்கும், சாவி இருக்கிறது எம்எஸ்ஓகிட்ட. 2017ல அனலாக்கை நிறுத்தினப்ப உங்ககிட்டேந்து போனது படத்தோட தரமோ எண்ணிக்கையோ இல்ல, அந்தச் சொருகுற இடம்தான். அரசு கேபிள் 2011ல எழுபது ரூபாய்க்குக் குடுக்க ஆரம்பிச்சப்ப எங்க ஆளுங்க தொழிலே போச்சுன்னு தலையில கை வச்சாங்க, அப்பக்கூட உள்ளூர் சேனலை யாரும் புடுங்கல. (முதல்ல திறந்த கன்ட்ரோல் ரூம்ல தஞ்சாவூரும் ஒண்ணுங்கிறதுல எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, அது வேற கதை.)

சட்டம் எப்படின்னா, 1995 கேபிள் சட்டப்படி நீங்க தலைமைத் தபால் ஆபீஸ்ல ஐநூறு ரூபா கட்டி வருஷா வருஷம் புதுப்பிச்சிருப்பீங்க. 2025 ஜனவரிலேந்து அது ஆன்லைன், தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே பதிவு பண்ணுது, அஞ்சு வருஷத்துக்கு ஐயாயிரம். அந்தப் பதிவு கம்பி இழுக்கத்தான், ஏரியா உங்களுக்கே சொந்தம்னு அர்த்தம் இல்ல. "என் ஏரியா உன் ஏரியா"ங்கிறதெல்லாம் நம்மளா பேசி வச்சுக்கிட்டது. உள்ளூர் சேனலுக்கு 2022 நவம்பர்ல வழிகாட்டுதல் வந்துச்சு, சேனலுக்கு ஆயிரம் ரூபா, பதிவு பண்ண வேண்டியது எம்எஸ்ஓ, உள்ளூர் செய்தி போடணும்னா அவங்க கம்பெனியா பதிவாகியிருக்கணும், ஓடினதைத் தொண்ணூறு நாளு ரெக்கார்டிங்கா வச்சிருக்கணும். உங்க எம்எஸ்ஓ இதைப் பண்ணியிருக்காங்களான்னு முதல்ல கேளுங்க. பண்ணலன்னா காசு கேக்குற குரல் கொஞ்சம் தணியும்.

வலங்கை_ஜீவா:

அண்ணே எதுக்கு இவ்ளோ தலைவலி, யூடியூப்ல லைவ் போடுங்க, ஊர்க்காரன் சிங்கப்பூர்லேந்து துபாய்லேந்து பாப்பான், வ்யூஸ் பிச்சுக்கும்

மன்னை_லைன்காரன்:

போட்டுப் பாத்தாச்சு ஜீவா தம்பி. திருவிழான்னா மைக் செட்டுக்காரரு எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு போடாம இருப்பாரா, அடுத்த நிமிஷம் காப்பிரைட்னு வந்து நிக்குது, ஒரு தடவை சாமி புறப்பாட்டுக்கு நடுவுலயே லைவ் கட் ஆயிடுச்சு. வெளிநாட்டு ஆளுங்க பாக்குறாங்கதான், ஆனா நம்ம ஊரு ஜவுளிக்கடைக்கு துபாய்லேந்து எவன் வந்து வேட்டி வாங்குவான், விளம்பரம் குடுக்க மாட்டேங்குறாங்க.

குடந்தை அண்ணே, அந்த 2022 விஷயம் எனக்குப் புதுசு, நாளைக்கே கேக்குறேன். வானொலி பத்தி யாராவது?

நாகை_நெய்தல்:

அத நான் சொல்றேன், சமுதாய வானொலிக்கு நிகழ்ச்சி தயாரிச்ச அனுபவம் உண்டு. அலைவரிசை பொதுச் சொத்துன்னு சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரில சொன்ன தீர்ப்புலேந்துதான் இந்தக் கதையே ஆரம்பம். அப்புறமும் ஏழு வருஷம் இழுத்து 2002ல கல்லூரிகளுக்கு மட்டும் திறந்துவிட்டாங்க, 2004ல சென்னையில அண்ணா எஃப்எம் வந்துச்சு. 2006லதான் தொண்டு நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி அமைப்புகளுக்கும் கதவு திறந்துச்சு. நம்ம பக்கம் விழுந்தமாவடியில தானம் அறக்கட்டளையோட களஞ்சியம் வானொலி இருக்கு, சுனாமி அடிச்ச கரையில பேரிடரை மனசுல வச்சு ஆரம்பிச்சது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், மனசு கஷ்டப்படாதீங்க. தனி ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது, லாப நோக்கு கம்பெனிக்கும் கிடையாது, கட்சிக்கும் கிடையாது. அறக்கட்டளையோ சங்கமோ இருந்தா, அது பதிவாகி மூணு வருஷமாவது ஆகியிருக்கணும், ஜனங்களுக்கு ஏதாவது செஞ்சதுக்கு சாட்சி இருக்கணும். லைசென்ஸுக்காக இன்னைக்கு ஒரு டிரஸ்ட் எழுதி நாளைக்கு அப்ளை பண்றதெல்லாம் நடக்காது. டிரான்ஸ்மிட்டர் நூறு வாட்ஸ், டவர் முப்பது மீட்டருக்கு மேல கூடாது. பாக்க சின்னதா தெரியும், ஆனா நம்ம பூமி மேசை மாதிரி தட்டை, மலையா மேடா மறைக்கிறதுக்கு, அதனால பத்து கிலோமீட்டர் சுத்துவட்டம் சுத்தமா எடுக்கும். உங்க லைன் போற ஊரெல்லாம் அதுக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன்.

பெரிய சிக்கல் செய்தி. ஆகாசவாணி செய்தியை அப்படியே மாத்தாம போடலாம், சொந்தமா செய்தி போடக்கூடாது. வானிலை, சந்தை விலை, தண்ணி, கரண்ட், டிராஃபிக், உள்ளூர் விழா, பரீட்சை, வேலைவாய்ப்பு தகவல் எல்லாம் சொல்லலாம். அதாவது முறை பாசனம் ஸ்க்ரோல் சரி, பேரூராட்சித் தலைவரை எதிர்த்து யாரு என்ன சொன்னாங்கிறது தப்பு. நம்ம ஊர்ல ஜனங்க கேக்க ஆசைப்படுறது ரெண்டாவதுதான்னு எனக்கும் தெரியும்.

கஜா நேரத்துல நீங்க அங்கதானே இருந்திருப்பீங்க. 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் கரையேறுன அந்த ஒரே ராத்திரியில லட்சத்துக்கு மேல கரண்ட் போஸ்ட் விழுந்துச்சு, போஸ்ட்ல தொங்குன உங்க கேபிளும் அதோட போச்சு. கரண்டும் இல்ல, போன் டவரும் இல்ல, டிவியில சென்னை ஸ்டுடியோவுல உக்காந்து என்ன பேசினாலும் எங்களுக்குப் பாக்க வழியில்ல. ரெண்டு பேட்டரி போட்ட ரேடியோ இருந்தவன்தான் ராஜா. கம்பி வழியா வர்றதுக்கும் காத்து வழியா வர்றதுக்கும் வித்தியாசம் என்னன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. என்னைக் கேட்டா, டெல்டாவுல சமுதாய வானொலி வேணும்னு சொல்ல இது ஒண்ணே போதும், வருமானக் கணக்கெல்லாம் அப்புறம்.

எடிசன்_தஞ்சாவூரான்:

மன்னை அண்ணா, அமெரிக்கா பேச்சு வந்ததால நடுவுல வர்றேன், நியூஜெர்சியில இருக்கேன், சொந்த ஊரு ஒரத்தநாடு. இங்க கேபிள் எப்படின்னா, கம்பெனி தெருவுல கம்பி இழுக்கிறதுக்கு பிராஞ்சைஸ்னு ஒரு ஒப்பந்தம் போடணும், பல மாநிலத்துல ஊராட்சியோடயே, சில இடத்துல மாநில அரசோட. 1984 சட்டப்படி கேபிள் வருமானத்துல அஞ்சு சதம் வரைக்கும் கட்டணமா வாங்கலாம், கூடவே பொதுமக்களுக்கு, கல்விக்கு, ஊராட்சிக்குன்னு சேனல் ஒதுக்கச் சொல்லியும் கேக்கலாம். அதுல டவுன் கூட்டத்தை முழுசா போடுவாங்க, பாக்க செம போர், ஆனா குப்பை வரி ஏறப்போகுதுன்னா ஊரே பாக்கும்.

நீங்க கேட்ட குறைஞ்ச பவர் டிவி 1982லேந்து இருக்கு, வியாபாரமாவும் நடத்தலாம். ஆனா பெரிய ஸ்டேஷனை கேபிள்காரன் கண்டிப்பா எடுத்து ஓட்டணும்னு இருக்கிற விதி இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கெல்லாம் பெரும்பாலும் பொருந்தாது, அதனால இங்கயும் அவங்க கேபிள்காரன் வாசல்லதான் நிக்கணும், உங்க கதைதான். ரேடியோவுல 2000ல குறைஞ்ச பவர் எஃப்எம் வந்துச்சு, அதுவும் நூறு வாட்ஸ், லாபம் இல்லாத அமைப்புக்கு மட்டும். பெரிய ஸ்டேஷன்காரங்க இடைஞ்சல் வரும்னு முட்டுக்கட்டை போட்டு, 2011 ஆரம்பத்துல புதுச் சட்டம் வந்த பிறகுதான் பெரிய நகரங்களுக்குள்ள நுழைய முடிஞ்சுது. பெரிய வித்தியாசம், அவங்க செய்தி தாராளமா சொல்லலாம்.

நம்ம ஊர்ல எனக்குப் புரியாதது இதுதான். போஸ்டுக்கு வாடகை மின்வாரியத்துக்குப் போகுது, பதிவுக் கட்டணம் டெல்லிக்குப் போகுது, தெரு யாரோடதோ அந்தப் பேரூராட்சி ஒரு சேனல் குடுன்னு கேக்கவே முடியல. கேக்க முடிஞ்சிருந்தா மன்னை அண்ணா இன்னைக்கு எம்எஸ்ஓகிட்ட கெஞ்ச வேண்டியதில்ல.

குடந்தை_ஹெட்எண்ட்:

எடிசன் தம்பி சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. பேரூராட்சி கையில சேனலைக் குடுத்தா யாரு படம் ஓடும்னு யோசிச்சுப் பாருங்க, காலையிலேந்து ராத்திரி வரை தலைவர் பிறந்தநாள் வாழ்த்துதான்.

ஆடுதுறை_ஓய்வு:

வேளாண்மைத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன். எங்க ஜில்லாவுல ரேடியோவோட பலம் என்னன்னு ஒரே ஒரு விஷயம் சொல்றேன். அறுபதுகள்ல ஏடிடீ 27 நெல்லு வந்தப்ப திருச்சி வானொலி அதை எப்படிப் போடணும், எப்ப உரம் வைக்கணும்னு விடாம சொல்லிச்சு, விவசாயிங்க அந்த நெல்லுக்கே ரேடியோ நெல்லுன்னு பேரு வச்சுட்டாங்க. அந்தக் காலம் வேற, வேற சத்தமே கிடையாது, அது இப்ப திரும்பாது, ஒத்துக்கறேன். ஆனா திருச்சி ஸ்டேஷன் ஒட்டுமொத்த டெல்டாவுக்கும் பேசணும். உங்க பக்கத்து வாய்க்கால்ல தண்ணி எப்ப வருதுன்னு அதால சொல்ல முடியாது, நீங்க சொல்றீங்க.

தம்பி லைசென்ஸை உங்க பேர்ல எதிர்பாக்க வேண்டாம். நீடாமங்கலத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அந்த மாதிரி நிலையங்கள் விண்ணப்பிக்க விதியே இடம் குடுக்குது, உங்க பக்கம் காலேஜும் இருக்கு. அவங்களுக்கு இடமும் தகுதியும் இருக்கும், தினம் நிகழ்ச்சி செய்ய ஆள் இருக்காது. உங்ககிட்ட ஆள் இருக்கு. போய்ப் பேசுங்க.

மன்னை_லைன்காரன்:

ஐயா இது நல்ல யோசனையா படுது. ஆனா அவங்க லைசென்ஸ்ல நான் வேலை செஞ்சா எனக்கு என்ன மிஞ்சும்? விளம்பரம் எடுக்கலாமா?

நாகை_நெய்தல்:

எடுக்கலாம். 2024ல விதியை மாத்தினாங்க, மணிக்கு ஏழு நிமிஷமா இருந்தது இப்ப பன்னிரண்டு நிமிஷம், அரசு விளம்பரத்துக்கு பத்து செகண்டுக்கு 52 ரூபாயிலேந்து 74 ஆச்சு. வர்ற காசு ஸ்டேஷனுக்குத்தான் போகணும், லாபம்னு பிரிச்சுக்க முடியாது, நீங்க சம்பளமா எடுக்கலாம், குரல் குடுக்கிற பொண்ணுக்கும் எடிட்டருக்கும் சம்பளம் போடலாம். நிகழ்ச்சியில பாதியாவது அந்த ஊரு ஜனங்களே பங்கெடுத்துச் செஞ்சதா இருக்கணும், ஆலோசனைக் குழுவுல பாதி பேர் பெண்களா இருக்கணும். கையெழுத்து போட மட்டும் கூப்பிட்டு உக்கார வைக்காதீங்க, எங்க அனுபவத்துல நாத்து நடுற பாட்டு, பிரசவ மருந்து, கடன் கணக்குன்னு கேக்குற மாதிரி நிகழ்ச்சி குடுத்ததெல்லாம் அவங்கதான்.

வீடு ஓடுற அளவுக்கு வராதுண்ணே, நேராவே சொல்லிடுறேன். லைனை விக்காதீங்க. அதே போஸ்ட் வழியா நீங்களே ஃபைபர் நெட் குடுக்கப் பாருங்க, உங்க பக்கத்து ஆபரேட்டருங்க பலபேர் அதுலதான் நிக்கிறாங்க. கண்ணீர் அஞ்சலியும் தேரும் கேபிள்லயே இருக்கட்டும், அது கண்ணால பாக்க வேண்டியது. தண்ணியும் புயலும் வானொலிக்குப் போகட்டும். காலேஜ்ல பேசப் போறப்ப ஸ்க்ரோல் போட்ட பழைய ஃபைல் இருந்தா எடுத்துட்டுப் போங்க, முறை பாசனம் போட்ட நாள் எல்லாம் அதுல தேதியோட இருக்கும்ல, இவங்க ஊருக்கு வேலை செஞ்சிருக்காங்கன்னு காட்ட அதைவிட நல்ல பேப்பர் கிடைக்காது.

மன்னை_லைன்காரன்:

ஃபைல் எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு, தேடி எடுக்கிறேன். எம்எஸ்ஓ என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு இங்கயே வந்து எழுதுறேன்.