மறு: "ஜாம்பி சர்வைவல் மோட்" – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

"ஜாம்பி சர்வைவல் மோட்" என்கிற கணினி ஆட்ட வகைக்குத் தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த மடல் இழையை முதல் மடலிலிருந்து மறுபடி படித்தேன். நம்மில் பாதிப்பேர் ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம், மீதிப்பேர் வேறோர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் இது கண்ணுக்குப் படவில்லை. அதனால்தான் எந்தச் சொல்லை முன்வைத்தாலும் யாராவது ஒருவருக்கு அது பொருந்தாமல் போகிறது. முதலில் பொருளைப் பிரித்துக்கொண்டால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். நான் ஆடியது அதுதான். என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் இன்றைக்கும் ஆடுவது அதுதான். அவர்களுக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

மூல ஆட்டத்தில் இரண்டு அணிகள். ஓர் அணி குண்டு வைக்கும், மற்றது தடுக்கும். செத்தவர் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஜாம்பி பிளேக் என்று ரசிகர்கள் எழுதிய செருகுநிரலை (பிளக்-இன்) ஆட்டத்தை நடத்தும் வழங்கியில் (சர்வர்) ஏற்றிவிட்டால் வரைபடம் அதே, துப்பாக்கி அதே, விதி மட்டும் தலைகீழ். சுற்று தொடங்கும்போது எல்லோரும் மனிதர்கள். சில நொடிகளில் குலுக்கலில் ஒருவர் ஜாம்பியாகிறார், அதாவது உயிர்த்தெழுந்த பிணமாகிறார். அவருக்குத் துப்பாக்கி கிடையாது, கத்தி மட்டும்தான். பதிலுக்கு உயிர்ப்புள்ளி ஏராளம். அவர் கத்தி பட்டவர் சாவதில்லை. அந்தக் கணமே அவரும் ஜாம்பியாகி, இதுவரை தோளோடு தோள் நின்றவர்களைத் துரத்தத் தொடங்குகிறார்.

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் பத்துக் கணினிகள் வரிசையாக இருக்கும். ஆட்டத்து வரைபடத்தில் உள்ள காற்றுக்குழாய்க்குள் நான்கைந்து பேர் நெருக்கியடித்துப் பதுங்கி, அதன் வாயை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருப்போம். முன்னால் நிற்பவன் குண்டு தீர்ந்து மறுபடி நிரப்புகிற இரண்டு நொடியில் கத்தி பட்டுவிடும். பக்கத்து நாற்காலிக்காரன் அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று பேச்சை நிறுத்தினால் போதும், ஆள் மாறிவிட்டான் என்று அர்த்தம். திரும்பி அவன் திரையைப் பார்த்தால் நிறமே மாறியிருக்கும். அந்த மௌனம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். நேற்று ஐயா முன்வைத்த "உயிர்வாழ்வுப் பாணி"யில் அது இல்லை. இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் இழப்பும் எதிரணிக்கு ஓர் ஆள் வரவு. பெயர் அதைச் சொல்ல வேண்டாமா?

இப்போது இன்னொரு வகை. டர்ட்டில் ராக் நிறுவனத்தார் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கணினி ஆட்டும் ஆட்களுக்குக் கத்தி மட்டும் கொடுத்து, கூட்டம் கூட்டமாக ஏவிவிட்டு, தாங்கள் சிலபேர் மட்டும் துப்பாக்கியோடு எதிர்த்து நின்று பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து வளர்ந்ததுதான் 2008இல் வந்த லெஃப்ட் 4 டெட். அதில் 2009இல் சேர்த்த சர்வைவல் ஆட்டத்தில் நான்குபேர் ஓரிடத்தில் நின்று அலையலையாக வருவதை எத்தனை நிமிடம் தாங்குகிறார்கள் என்பதே கணக்கு. அங்கே செத்தவர் செத்தவர்தான். அவர் எழுந்து நண்பனைக் கடிப்பதில்லை.

ஆக, தொட்டால் கட்சி மாறுவது ஒன்று. கட்சி மாறாமல் நேரத்தைக் கடத்துவது மற்றொன்று. இரண்டையும் "ஜாம்பி சர்வைவல்" என்கிறார்கள். நாமும் ஒரே பையில் போட்டுக் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சர்வைவல் என்றதும் பலர் "பிழைப்பு ஆட்டம்" என்று எழுதினீர்கள். பிழைப்பு என்றால் காதில் விழுவது வயிற்றுப்பாடு. "பிழைத்திருத்தல்" என்று நீட்டினால் வேறு சிக்கல். நாள்தோறும் நாம் எழுதுகிற "பிழைதிருத்தல்" ஒரு த் குறைவாகப் பக்கத்திலேயே நிற்கிறது, பலரும் அதற்கே த் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மென்பொருள் பற்றிய ஒரு வழிகாட்டியில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

என் முன்மொழிவு: தாக்குப்பிடி ஆட்டம். இது நான் கட்டிய சொல் இல்லை. "இந்தக் கூரை இந்த மழைக்குத் தாக்குப்பிடிக்குமா?" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல். அலையலையாக வருவதற்கு முன்னால் விழாமல் நிற்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. வினையாகவும் வளைகிறது: எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாய்? பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தோம்.

முதல் வகைக்கு யாழ்ப்பாணத்து அக்கா "தொற்றாளர் ஆட்டம்" என்று எழுதியிருந்தார். தொற்று என்பது விதியைச் சரியாகச் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா, 2020இலும் 2021இலும் இலங்கைச் செய்திகளில் தினமும் படித்த சொல் அது. மூச்சுக்குத் திணறிய மனிதர்களைக் குறித்த சொல். அதைத் துப்பாக்கிக் குறிக்குள் நிற்கிற உருவத்துக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளையும் இந்த வழிகாட்டியைப் படிக்கும்.

"நடைபிணம்" வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். "மகன் போனபிறகு அவர் நடைபிணமாகிவிட்டார்" என்று துக்கத்தைச் சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற சொல் அது. அதை ஏன் அங்கிருந்து பெயர்க்க வேண்டும்? போதாததற்கு, இந்த ஆட்டத்து ஜாம்பிகள் நடப்பதே இல்லை. ஓடுகின்றன, தாவுகின்றன.

ஹேலோ 2 ஆடியவர்களிடமிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. 2004இல் வந்த அந்த ஆட்டத்தில் ஜாம்பி விதி என்று எதுவும் நிரலில் இல்லை. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள்: கொல்லப்பட்டவர் தானாகவே அணியை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டாயப்படுத்த யாரும் இல்லை, நாணயம்தான் காவல். 2007இல் ஹேலோ 3 வந்தபோது நிறுவனமே அதை முறையான ஆட்டமாகச் சேர்த்துக்கொண்டது. நிரலே இல்லாமல், வாய்ச்சொல்லில், தொட்டால் மாறிக்கொள்ளும் ஆட்டம் என்றால் அது நம் தெருவில் ஆடியதுதானே? தொடப்பட்டவர் துரத்துகிறவரோடு சேர்ந்துகொள்வார், சங்கிலி நீளும், கடைசி ஆள் சந்துக்குள் ஓடுவான்.

எனவே: தொட்டுப்பிடி ஆட்டம்.

தொட்டுப்பிடி, தாக்குப்பிடி. துரத்துகிறவர் பக்கமிருந்து ஒரு பெயர், துரத்தப்படுகிறவர் பக்கமிருந்து ஒரு பெயர். ஒற்று பற்றிக் கேட்பவர்களுக்கு: தாக்கு, தொட்டு இரண்டுமே வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடிகின்றன, ப் மிகும். பிரித்து எழுத வேண்டாம்.

"மோட் என்பதற்கு ஏன் சொல்லே தரவில்லை" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதால்தான். சீட்டுக்கட்டு ஒன்றுதான், அதில் ரம்மி ஆடுகிறோம், கழுதை ஆடுகிறோம், யாழ்ப்பாணத்தில் 304 ஆடுகிறார்கள். யாரும் "ரம்மி முறை", "கழுதைப் பாணி" என்று சொல்வதில்லை. ஆட்டம் என்றாலே போதுமானது. அதை விட்டு மோட் என்றே எழுதினால், ரசிகர்கள் செய்யும் மாற்றுவடிவத்தையும் நம்மவர்கள் மோட் என்றே எழுதுவதால், mode, mod என்ற இரண்டு வேறு ஆங்கிலச் சொற்கள் தமிழில் ஒரே எழுத்தில் வந்து மோதுகின்றன. முதல் மடலில் நான் எழுதிய வாக்கியத்திலேயே "இந்த மோட் ஒரு மோட்" என்று வந்துவிட்டது; மூன்றுபேர் விளக்கம் கேட்டீர்கள்.

ஜாம்பியை என்ன செய்வது? ஜாம்பியாகவே விடலாம் என்பது என் கருத்து. கிரந்தம் தவிர்த்து "சோம்பி" என்றால், ஆத்திசூடி படித்த பிள்ளைக்கு அது சோம்பல். 2016இல் "மிருதன்" படம் மிருகத்தையும் மனிதனையும் சேர்த்து ஒரு புதுச்சொல் தந்தது, நல்ல முயற்சி. படத்தின் பெயராகவே நின்றுவிட்டது. வேதாளம் என்றால் தோளில் ஏறிக் கதை சொல்லும். இந்தப் பெயர் ஆங்கிலத்துக்கே ஹெய்தியிலிருந்து போனது. அங்கே அது சூனியக்காரனுக்கு அடிமையாய் உழைக்க எழுப்பப்பட்ட பிணம். பிணக்கூட்டத்துக்கு இன்றைய உருவம் தந்த ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படத்தில் அவற்றை ஜாம்பி என்று யாரும் அழைப்பதே இல்லை. பேர் ஊர் ஊராக அலைந்து வந்திருக்கிறது, நம் ஊருக்கும் வரட்டும்.

மாற்றுவடிவத்துக்கு மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. என் மனம் "ஒட்டு" என்பதில் நிற்கிறது: ஒட்டுமாங்கன்றில் வருகிற ஒட்டு. கீழே நாட்டுச்செடியின் வேர், மேலே வேறு மரத்தின் கிளை; வேர் இல்லாமல் கிளை இல்லை, பழமோ புதிது. 1998இல் வந்த ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தின் மேல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் 1999இல் கட்டிய ஒட்டுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். அது வேரூன்றித் தனி மரமானபின் அதன்மேல் கட்டிய ஒட்டு ஜாம்பி பிளேக். ஒட்டுக்கட்டினார், ஒட்டுக்கட்டுகிறவர் என்று வினையும் பெயரும் கிடைக்கின்றன. தடை ஒன்றுதான்: மென்பொருளில் ஓட்டை அடைக்கும் சிறு திருத்தத்துக்கும் சிலர் ஒட்டு என்றே எழுதிவருகிறார்கள். "ஒட்டாட்டம்" என்று சேர்த்தாலோ, இலக்கணம் இடம் தராவிட்டாலும், படிப்பவர் கண் "ஒட்டா ஆட்டம்" என்று பிரித்துவிடுகிறது. ஐயா இதில் வழிகாட்ட வேண்டும்.

சனிக்கிழமை இரவு பையன்கள் ஆடும்போது, வழிகாட்டி பற்றி ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஒலிவாங்கியில் கத்துவதைக் குறித்துக்கொண்டேன். "இன்ஃபெக்ட்" என்று ஒருவனும் சொல்லவில்லை. "தொட்டுட்டான், தொட்டுட்டான், கதவ விடு" என்றுதான் கத்தினார்கள். கடைசியாக மிஞ்சியவனைப் பார்த்து, ஏற்கெனவே மாறிப்போன ஒருவன் கேட்டான்: "இன்னும் எவ்ளோ நேரம்டா தாக்குப்பிடிப்ப?"

வழிகாட்டியின் முதல் இரண்டு பக்கங்களை இந்தச் சொற்களோடு எழுதி நாளை அனுப்புகிறேன். ஒட்டு வரும் இடங்களை வெற்றிடமாக விட்டிருப்பேன்.

அன்புடன்.