பூண்டுக் கடைப் பலகைக்கு ஒரு வரி போதுமா?

மேல்மலை மருமகள்:
எங்கள் சுயஉதவிக் குழு கொடைக்கானலில் மலைப்பூண்டுக் கடை போடுகிறது. பலகை 3க்கு 2 அடி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைந்தது, 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது, காரம் அதிகம், மாதக்கணக்கில் கெடாது, வாயுத் தொல்லைக்கு நல்லது என்று பத்து வரி எழுதி வைத்திருக்கிறேன். எதையும் விட மனசு வரவில்லை. சரியா இருக்குமா?

பெயின்ட் டப்பா:
இருக்காது தங்கச்சி. வத்தலக்குண்டு ரோட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறி வந்தவர் பத்து வரியா படிப்பார்? ‘மலைப்பூண்டு’ என்று கொட்டை எழுத்தில் ஒரே சொல், மீதியை வெள்ளையாக விடுங்கள். அமுல் பாப்பா 1966லிருந்து புள்ளிபோட்ட கவுனில் ஒரு வரிக் கிண்டலோடுதான் நிற்கிறது.

வட்டக்கானல் வாசி:
அண்ணே, வெண்ணெய் என்றால் என்ன என்று அமுல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே பக்கத்துக் கடையிலும் ‘மலைப்பூண்டு’ என்றுதான் எழுதியிருக்கும், மூட்டைக்குள் சமவெளிப் பூண்டு இருக்கும். உங்கள் ஒரு சொல் அவருக்கும் சேர்த்து விளம்பரம் செய்யும்.

பெயின்ட் டப்பா:
1959ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் வண்டு காருக்கு வந்த விளம்பரத்தைப் பாருங்கள். பக்கமெல்லாம் வெற்றிடம், மேலே மூலையில் பொட்டு மாதிரி ஒரு கார். ‘சின்னதாக யோசி’ என்று தலைப்பு. படகு மாதிரி கார் ஓட்டிய ஊரில் குட்டிக் காரைக் குட்டி என்றே சொல்லி விற்றார்கள்.

வட்டக்கானல் வாசி:
அந்தப் பக்கத்தின் அடியைப் பார்த்தீர்களா? மூன்று பத்திகளில் பொடி எழுத்து. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 32 மைல், ஒரு செட் டயருக்கு 40,000 மைல் என்று கணக்கு வரை இருக்கும். வெற்றிடத்தை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

மேல்மலை மருமகள்:
நீங்கள் சண்டை போடுங்கள், நான் எதை எழுதுவது?

வட்டக்கானல் வாசி:
ஒன்று கேட்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டால் உங்கள் வீட்டுப் பூண்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மேல்மலை மருமகள்:
மோந்தால் தெரியும். அடுப்புக்கு மேலே கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவோம், புகை ஏறியிருக்கும். கரி படிந்து அசிங்கமாக இருக்குமே, அதைப் போய் யாராவது காட்டுவார்களா?

பெயின்ட் டப்பா:
அடடா! முதலிலேயே இதைச் சொல்ல வேண்டாமா? கறுப்புப் பலகை, நடுவில் நிஜப் பூண்டுக் கொத்து, கீழே ‘மோந்து பாருங்க’. படமே வேண்டாம்.

வட்டக்கானல் வாசி:
‘எங்க வீட்டு அடுப்புப் புகை’ என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் சரக்கு கெட்டுப்போன வாடை என்று நினைத்துவிடுவார்கள். வாயுத் தொல்லையை எடுத்துவிடுங்கள், நாம் மருந்துக்கடை வைக்கவில்லை. பூம்பாறை இருக்கட்டும்.

பெயின்ட் டப்பா:
பூம்பாறை யாருக்குத் தெரியும்?

வட்டக்கானல் வாசி:
குழந்தை வேலப்பரைக் கும்பிட வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். அது கிடக்கட்டும். தங்கச்சி, விற்கப்போகிற சரக்கு முழுக்க அடுப்புக்கு மேலே தொங்கியதுதானா? இல்லையென்றால் பலகை பொய் சொல்லும்.

மேல்மலை மருமகள்:
பாதிதான். மீதி இந்தப் போகம் எடுத்த புதுப்பூண்டு.

பெயின்ட் டப்பா:
அதை வேறு கூடையில் ‘புதுசு’ என்று எழுதி வையுங்கள். புவிசார் குறியீட்டைச் சின்ன அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டலாம். பலகையில் ஏற்றினால் பெயின்ட் அடிக்க நான் வரமாட்டேன்.

வட்டக்கானல் வாசி:
பலகையிலேயே கீழே சின்னதாக இருக்கலாம் என்பதுதான் இன்னமும் என் கட்சி. விலை கேட்டு முகம் சுளிப்பவர் பலகையைத்தான் திரும்பப் பார்ப்பார்.

மேல்மலை மருமகள்:
மாமியாரிடம் காட்டினேன். கொத்தை ஆணியில் அடிக்காதே, கயிற்றில் கட்டு என்கிறார். அதையே யாராவது விலைக்குக் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம்.