ஒரே ஹாலில் பால்வாடியும் ஒன்றாம் வகுப்பும்: சத்தத்தோடு பட்ட பாடு

பாலக்கோடு பக்கம், அங்கன்வாடிப் பணியாளர்:

எங்கள் பால்வாடிக் கட்டிடம் ஒழுக ஆரம்பித்ததால், போன வருஷம் ஆடியில் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஹாலில் பாதியை எங்களுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் பக்கம் இருபத்திரண்டு பிள்ளைகள். அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்துப் பத்தொன்பது. நடுவில் ஒரு பழைய பீரோ, நைலான் கயிற்றில் இரண்டு சேலை. சேலை பிள்ளைகளின் கண்ணைத்தான் மறைத்தது. நாங்கள் பாட்டு ஆரம்பித்தால் அங்கே கணக்கு நின்றுவிடும். அவர்கள் வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமல் கூடவே கத்தும்.

மேலே கான்கிரீட், கீழே கடப்பா கல். ஆயா அன்னக்கூடைத் தட்டுகளை இறக்கி வைத்தால் கோயில் மணி மாதிரி சுற்றிச் சுற்றி வரும். எனக்கு இயல்பிலேயே பெரிய குரல். ஒரு மாதத்தில் தொண்டை கட்டி, மாலையில் வீட்டில் பேச முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். அப்போதுகூடப் பிள்ளைகள் மேல்தான் கோபம். ஒரு நாள் நாலு வயசுப் பாப்பா ஒன்று டம்ளர்களை வரிசையாக வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடியது. பாடம் ஒன்றும் நடத்தவில்லை. ஸ்கேலால் தரையைத் தட்டி "ஏய், வாயை மூடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்கேல் பிடித்த விதம்கூட என்னுடையதேதான்.

சரி என்று அந்தப் பக்கத்து டீச்சரோடு உட்கார்ந்து பேசினேன். அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதான் இருந்தோம். காலை முதல் முக்கால் மணி நேரம் நாங்கள் புங்க மரத்தடியில் ஆட்டமும் பாட்டும். அந்த நேரத்தில் அவர்கள் வாசிப்பை முடித்துக்கொள்வார்கள். நாங்கள் உள்ளே வந்து கதை சொல்லும்போது அவர்களுக்கு எழுத்து வேலை. மதியம் பிள்ளைகள் தூங்கும்போது அவர்கள் வாய்ப்பாட்டை வராண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். மழை நாளில் இதெல்லாம் நடக்காது, அன்றைக்கு இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொள்வோம்.

அப்புறம் தரை. ரேஷன் கடைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, மேலே பழைய ஜமுக்காளம் விரித்தோம். விளையாட்டுக் கட்டைகளைத் தகர டப்பாவிலிருந்து துணிப்பைக்கு மாற்றினேன். அந்தப் பக்கத்து பெஞ்சுக் கால்களுக்கு சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிவிட்டது ஆயாவின் மகன். செலவு என்று பார்த்தால் தையல் நூல்தான்.

குரலுக்கு மூன்று பெயர் வைத்தோம்: காதுக் குரல், பாய்க் குரல், கொல்லைக் குரல். கொல்லையில் மாட்டைக் கூப்பிடுகிற குரல் மரத்தடியில் மட்டும்தான். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட வேகம்! பார்வையிட வந்த மேடம் போனில் பேச ஆரம்பித்ததும் ஒருத்தன் எழுந்து போய், "ஆயா, இது கொல்லைக் குரல்" என்றான். மேடம் சிரித்துவிட்டார், நல்லவேளை.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரம், மழலையர் பள்ளி ஆசிரியை:

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்கள். ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். லாரி ஹாரன் எப்போதும் போல உள்ளே வந்தது. கூடவே கரப்பானும் பல்லியும் வந்தன. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு பெற்றோர் கேட்ட பிறகு அன்றைக்கே பிய்த்துப் போட்டேன். நெடுஞ்சாலைப் பக்க ஜன்னலை மூடி, எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்து வைத்ததில்தான் கொஞ்சம் பலன்.

தளி பக்கம், தொடக்கப் பள்ளி ஆசிரியர்:

எங்கள் ஊரில் கதை வேறு. பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம். பள்ளிக்கு வந்துதான் தமிழ். புதிதாக வந்தபோது, அமைதியாக உட்கார்ந்திருந்த ஆறு பேரைப் பார்த்து "நல்ல பிள்ளைகள்" என்று நினைத்தேன். அவர்களுக்கு நான் பேசியது ஒன்றும் பிடிபடவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழாவிட்டாலும் தாய்மொழி என்றால் மீதியை ஊகித்துவிடலாம். புது மொழியில் அந்த ஊகம் எங்கிருந்து வரும்? இவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டதை நான்தான் கூச்சல் என்று அடக்கியிருந்தேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

கிருஷ்ணகிரி, செவித்திறன் பரிசோதகர்:

பாலக்கோடு அக்கா தொண்டை கட்டியதாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரல் நம்மை அறியாமலே ஏறும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதைப் பற்றி 1911-லேயே எழுதிவிட்டார். ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போவீர்கள். பாட நேரத்தில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்ட வேண்டாம், எதிரொலி 0.6 நொடி அளவில் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சாதாரணப் பேச்சே ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபலுக்குப் பக்கம் வரும். ஆக, பக்கத்து டீச்சர் மெதுவாகப் பேசினாலே உங்களுக்கு அது பின்னணிச் சத்தம்தான். சேலையை விட உங்கள் நேர அட்டவணை வேலை செய்ததில் ஆச்சரியமில்லை. சாக்கும் ஜமுக்காளமும் எதிரொலியையும் தட்டுமுட்டுச் சத்தத்தையும் குறைக்கும், பேச்சைத் தடுக்காது.

இன்னொன்று. சளி பிடித்த பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் சில வாரம் மந்தமாகலாம். பெரும்பாலும் வலி இருக்காது, வெளியே தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத, எப்போதும் உரக்கப் பேசுகிற பிள்ளை இருந்தால் கவனியுங்கள். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை வர வேண்டும், அவர்களிடம் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். சீழ் வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

பாலக்கோடு பக்கம், அங்கன்வாடிப் பணியாளர்:

படித்ததும் ஒருத்தன் முகம்தான் வந்தது சார். பீரோ ஓரம் உட்காருவான், எதற்கெடுத்தாலும் கொல்லைக் குரல். மூன்று குரல் விளையாட்டில் அவன் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தான், மற்ற பிள்ளைகள் சிரிக்கும். மூக்கு எப்போதும் ஒழுகும். நேற்று அவன் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொன்னேன், திரும்பவில்லை. அவன் அம்மா தக்காளி மண்டிக்குப் போகிறவர், வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்றிருக்கிறார். இன்றைக்கு அவன் பாயை என் காலடியில் விரித்தாயிற்று.